பனிக்களத்தின் பின்சுவர்

பிற்பகல் இரண்டு மணி ஆனதும் பிலோமினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மெஷினை நிறுத்துவாள். சரியாக அரைமணி நேரம். இரண்டரைக்கு மறுபடி ஓடவிடுவாள். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கல்லேரிப்பட்டில் சிவப்புக் கொடி ஏற்றும் நாட்களில் மட்டும் இது நடக்கும். சிவப்பு நாள் என்றால், நிழலில் உட்கார்ந்தாலும் உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ள முடியாத நாள். வியர்க்கும், ஆனால் வியர்வை உலராது. ஆறு மணி நேரம் அப்படி இருந்தால் மூட்டை தூக்குகிற ஆள்கூட விழுந்துவிடுவான். பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் அப்படி ஐம்பது அறுபது நாள் வரும். அந்த நாட்களில் வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு உண்டு, தண்ணீர் மோட்டாருக்கு உண்டு, பனிக்களத்துக்கு உண்டு.

பனிக்களம் முதலில் விளையாட்டுக்காகத்தான் வந்தது. தோல் ஏற்றுமதியில் சம்பாதித்த ஒரு முதலாளி, முப்பது வருடத்துக்கு முன், பனியில் சறுக்கி விளையாட ஓர் அரங்கம் கட்டினார். பாலாற்று மணலில் கால் வைக்க முடியாத ஊரில் ஐஸ் மைதானமா என்று ஊரே சிரித்தது. பிறகு பெருவெயில் வருடம் வந்தது. காவலாளி ஒருவர் யாரையும் கேட்காமல் பூட்டைத் திறந்துவிட்டார். முந்நூறு பேர் உள்ளே போய்ப் பிழைத்தார்கள். அதன்பின் நகராட்சி அதை எடுத்துக்கொண்டது. இப்போதும் தை மாதத்தில் பிள்ளைகள் அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சறுக்குவார்கள். வெயில் ஏறியதும் பனியின் மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பாய், பாயின்மேல் மக்கள். நானூற்று இருபது பேருக்கு இடம். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்.

பிலோமினா அங்கே மெஷின் ஆபரேட்டர். ஐம்பத்தோரு வயது. கணவர் இல்லை. மகள் ஜெனிட்டா, மருமகன், தினசரி ஜெபமாலை, மெஷின் ரூம் என்று அவள் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் அவள் ஒரே வரியில் சொல்வாள்: "இங்க இருக்கிற சூட்டை அள்ளி அங்க கொட்டுது." அங்கே என்பது பின்சுவர். சுவரில் பதினாறு பெரிய விசிறிகள். சுவருக்கு அந்தப் பக்கம் தோல்கிடங்குத் தெரு. களம் கட்டியபோது அங்கே காலிக் கிடங்குகள்தான் இருந்தன. பிறகு ஆற்றங்கரையிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களை அங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், விசிறியில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று பிலோமினா பின்பக்கம் போனாள். எதிரே பன்னிரண்டடி தூரத்தில் ஒரு ஜன்னல். ஒரு பெண் நனைத்த போர்வையை ஜன்னலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். பிலோமினா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்வை காய்ந்து அப்பளம்போல் விறைத்தது. உள்ளே கட்டிலில் ஒரு மனிதர். வாய் திறந்திருந்தது.

அவள் பெயர் மைமூன். அவர் அவள் கணவர் யாசீன். தோல் தொழிற்சாலையில் தவறி விழுந்து முதுகுத்தண்டு போனவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வியர்வைகூட வராது. களத்தில் படுக்கை நோயாளிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. ஒருவர் படுக்கிற இடத்தில் நாலு பேர் உட்காரலாம் என்பது விதி. விதி போட்டவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அந்த நாலு பேரையும் அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு மணிக்குப் பிலோமினா முதல்முறையாக மெஷினை நிறுத்தினாள். பனிக்கட்டி மண்பானைபோல. அரைமணி நேரம் மெஷின் இல்லாவிட்டாலும் குளிர்ச்சியை விடாது. மேலே கொஞ்சம் வியர்க்கும். அந்த அரைமணியில் மைமூன் ஜன்னலைத் திறந்து, கணவரைப் புரட்டி, துடைத்து, ரெண்டு வாய் கஞ்சி ஊட்டிவிடுவாள். இரண்டரைக்குப் பிறகு மெஷின் விட்டதைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓடும். அடித்த காற்றே மறுபடி அடிக்கும். சூடு எங்கும் போய்விடவில்லை என்பது பிலோமினாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு மனிதன் கஞ்சி குடிக்க அரைமணி நேரம் வேண்டாமா?

களத்துக்குள்ளே இதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் கண்ணபிரான். இதய நோயாளி என்பதால் அவருக்கு நிரந்தரச் சீட்டு.

"பிலோமினாம்மா, உங்க ஐஸுக்கு என்ன, ஜுரமா? தினம் ரெண்டு மணிக்கு வேர்க்குது."

"பழைய மெஷின் சார். மத்தியானம் கொஞ்சம் மூச்சு வாங்குது."

"அது மூச்சு வாங்கட்டும். என் சாக்ஸ் ஏன் நனையணும்? முப்பத்தெட்டு வருஷம் ஒரு கார்டு நனைய விட்டதில்ல நான். எழுதி வைக்கிறேன், பாருங்க."

எழுதியும் வைப்பார். வாசலில் தொங்கும் புகார்ப் புத்தகத்தில், தேதி போட்டு, மணி போட்டு, கையெழுத்துப் போட்டு. யாரும் படித்ததில்லை.

அந்த வருடம் களத்தைப் பெரிதாக்கலாம் என்ற பேச்சு வந்தது. பக்கத்தில் இன்னொரு தளம், ஐந்நூறு இடம். மாவட்டத்திலிருந்து இளம்பரிதி என்கிற பொறியாளர் வந்தார். நல்ல பிள்ளை. பெரிதாக்கினால் பின்தெருவில் எவ்வளவு சூடு ஏறும் என்று அளந்து பார்ப்பது சட்டம் என்று சொல்லி, மைமூனின் ஜன்னலுக்குக் கீழே சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

ஆனி முடிந்து ஆடியில் அவர் திரும்ப வந்தபோது மெஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நல்ல சேதி. பின்தெருவுல தாக்கம் பூஜ்யம்."

பிலோமினா கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். "பூஜ்யமா?"

"நம்ப முடியலல்ல? எனக்கும்தான். நாலஞ்சு டிகிரி இருக்கும்னு நெனச்சேன். இருபத்தோரு சிவப்பு நாள் அளந்தாச்சு. ஊரோட மத்த இடத்துக்கும் அந்தச் சுவருக்கும் கால் டிகிரிகூட வித்தியாசமில்ல. கடவுள் நம்ம பக்கம் இருக்காரு."

"அந்தப் பெட்டி நாள் பூரா பாக்குமா தம்பி?"

"இல்லக்கா. ஒரே ஒரு தடவ. ரெண்டேகாலுக்கு. உச்ச வெயில் அப்பதான்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. பச்சை லைட் ஒரு தடவ சிமிட்டும். அதோட அன்னிக்கு வேலை முடிஞ்சுது."

அவர் போனபிறகு பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தோரு நாளும் இரண்டேகாலுக்கு அது ஓடவில்லை. அவள்தான் ஓடவிடவில்லை.

வீட்டில் ஜெனிட்டா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பழைய புடவைகளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம். இதற்கு முந்தைய வருடம் சித்திரையில், ஐந்து மாதத்தில், ஒன்று போய்விட்டது. டாக்டரம்மா காரணம் என்று எதையும் எழுதவில்லை. ஜன்னல் வழியாக வெளியே வெயிலைக் காட்டினார், அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரர்களின் காத்திருப்புப் பட்டியலில் ஜெனிட்டா நூற்றுப் பதினேழாவது. ஆபரேட்டரின் மகள் என்பதற்காகப் பட்டியலில் முன்னே தள்ள பிலோமினாவுக்கு மனம் வரவில்லை. தள்ளச் சொல்லி ஜெனிட்டாவும் ஒருநாளும் கேட்டதில்லை.

"மா, ரிப்போர்ட் நல்லபடியா வந்துடுச்சாமே. களத்துல தூளி கட்ட விடுவாங்களா? இல்ல, மடியிலயே வெச்சுக்கணுமா?"

பிலோமினா முகம் கழுவிவிட்டு வந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனிட்டா மடித்த துணியை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"ஆண்டவருக்குத் தெரியும்மா."

"போன வருஷமும் அவருக்குத் தெரியும்தானே. என்ன பண்ணாரு?"

எதிரே சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே சின்ன விளக்கு. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிலோமினா அதைப் பார்த்தாள். பார்த்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு விடியுமுன் ஊர்ச் சபைக்குப் புறப்படும்போது ஜெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ சொல்றதா இருந்தா சொல்லு. ஆனா என்னைப் பாத்துக்கிட்டே சொல்லாத."

ஊர்ச் சபை எப்போதும் விடியற்காலை ஐந்து மணிக்கு, பனியின் மேலேயே கூடும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். எழுநூறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். தலைவர் வேதகிரி வழக்கம்போல் நின்றுகொண்டே பேசினார். அவர் களத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெருவெயிலுக்கு அடுத்த வருடம், சீட்டு முறை வந்த புதிதில், அவர் மனைவி வாசலில் வரிசையில் நின்று இறந்துபோனார். கையில் இருந்த சீட்டின் எண் நானூற்று இருபத்து மூன்று.

"விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும். போனா பங்குனிக்குள்ள புதுக்களம் ரெடி. அறிக்கை சாதகமா இருக்கு. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்."

பிலோமினா முன்னால் வந்தாள். ஜெனிட்டா இருந்த பக்கம் பார்க்காமல், எதிர்ச்சுவரில் 'இங்கே துப்பாதீர்கள்' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னாள். போர்வை காய்ந்தது, கஞ்சி, இரண்டு மணி, இரண்டேகால்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"என் கொழந்தைக்கு எடம் கெடைக்கப்போற நேரத்துலயா இதைச் சொல்லணும்?"

"சும்மா சொல்றாங்க! வேலை போயிடும்னு புது மெஷினைத் தடுக்கப் பாக்கறாங்க!"

அப்போது கண்ணபிரான் புகார்ப் புத்தகத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சும்மா சொல்லல. ஆனி மூணாந்தேதி, ரெண்டு பத்து, பனி வியர்த்தது, சாக்ஸ் நனைந்தது. ஆனி நாலு, ரெண்டு பத்து, மேற்படி. ஆனி அஞ்சு, மேற்படி. இருபத்தோரு நாளும் இருக்கு. அன்னிக்கே யாராவது படிச்சிருந்தா..." அவர் பிலோமினாவைப் பார்த்தார். "எனக்குக் காரணம் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

இளம்பரிதியின் முகம் வெளுத்திருந்தது.

"மறுபடி அளக்க முடியாதா தம்பி?" என்று வேதகிரி கேட்டார்.

"இருபத்தோரு சிவப்பு நாள் வேணுங்க. இந்த வருஷத்துக்கு முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் அளந்து, அதுக்கடுத்த வருஷம் கட்டலாம். அளந்தா கண்டிப்பா கூடத்தான் வரும். வந்தா அனுமதி கெடைக்காது."

"சூட்டை வேற பக்கம் விட முடியாதா? ஆத்துப் பக்கம்?"

"அங்க மேட்டுக்குப்பம் இருக்கு."

"ஒசரமா புகைபோக்கி மாதிரி?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மடங்கு கரண்ட் வேணும். தரமாட்டாங்க." அவர் தரையைப் பார்த்தார். "சூடு மறையாதுங்க. உள்ள உக்காந்திருக்கிற ஒவ்வொரு உடம்பும் ஒரு சின்ன அடுப்பு. நானூத்தி இருபது அடுப்பை அணைக்கிறதுக்கே பின்தெரு இவ்ளோ வேகுது. தொள்ளாயிரம்னா... எனக்குச் சொல்லத் தெரியல."

"கட்டலைன்னா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "வெளிய நிக்கிற ஐந்நூறு பேருக்கு யாரு பதில் சொல்றது?"

வேதகிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பிலோமினாம்மா, நீங்க சொன்னது சரிதான். சொல்லாம இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். இப்ப நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் வழி தானாகத் திறக்கும் என்று ஜெபத்தில் நம்பியிருந்தாள். உண்மை சொல்லியாகிவிட்டது. எழுநூறு பேரும் அதைச் சுற்றி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து மைமூன் கையை உயர்த்தினாள். பக்கத்தில் அவள் மகள் ஹாஜிரா, ஏழு வயது, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தலைவரே, ஒண்ணு கேக்கலாமா? பெருசாக்கினா எம் பொண்ணுக்கு உள்ள எடம் உண்டா?"

"பின்தெருவுக்கு நாப்பது எடம். சட்டம் சொல்லாட்டியும் என் பொறுப்பு. உனக்கும் உண்டும்மா."

"எனக்கு வேணாங்க. அவருக்குப் பக்கத்துல ஆள் வேணும்." அவள் உயர்த்திய கையை இறக்கவே இல்லை. "அப்ப இதை என் ஓட்டா எடுத்துக்கங்க. கட்டுங்க."

அதன்பின், அறிக்கை இருக்கிறபடியே போகட்டும் என்று, கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெனிட்டாவின் கையும் எழுந்தது. பிலோமினா தன் கையைத் தூக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இறக்கவும் இல்லை.

வெளியே செருப்புக் கூடத்தில், நூற்றுக்கணக்கான செருப்புகளுக்கு நடுவே பிலோமினா தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது மைமூன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அது நீங்களா?"

"என்னை மன்னிச்சிரு மைமூன்."

"எதுக்கு? அரைமணி நேரம் குடுத்ததுக்கா?" மைமூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அது மெஷினுக்குச் சாப்பாட்டு நேரம்னு நெனச்சேன். தினமும் மத்தியான லுஹர் தொழுதுட்டு மெஷினுக்காக துஆ கேப்பேன் அக்கா. யா அல்லாஹ், அது வயிறு நெறைய சாப்பிடட்டும், மெதுவா சாப்பிடட்டும்னு."

சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை.

பங்குனியில் புதுக்களம் திறந்தார்கள். புது மெஷின் தானே ஓடும், தானே வேகம் கூட்டும், குறைக்கும். இன்னொரு முறை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக ஸ்விட்சையே எடுத்துவிட்டார்கள். பிலோமினாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. கண்காணிப்பாளர் என்று பெயர் கொடுத்து ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் ஓர் எண் வரும். விசிறிகளின் வேகம். சிவப்பு நாளில் அது நூறு.

முதல் சிவப்பு நாள் இரண்டு மணிக்கு அவள் கை தானாகப் பழைய ஸ்விட்ச் இருந்த இடத்துக்குப் போனது. சுவரில் புதுச் சிமெண்டின் தடம். பின்கதவைத் திறந்து பார்த்தாள். மைமூன் ஜன்னலில் சாக்கை வைத்து ஆணி அடித்திருந்தாள். உள்ளே இருட்டு. சித்திரை நடுவில் யாசீனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் அசைந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், இடமில்லை என்றார்கள். உண்மையிலேயே இடமில்லை. நடைபாதையில்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள்.

உள்ளே, ஜெனிட்டா ஐந்து மாதக் குழந்தை ஆரோனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பாயில் ஹாஜிரா. அது குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டும், குழந்தை தூங்கினால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அதன் வீடு. ஒருநாள் பிலோமினா பாய்களின் பக்கம் வந்தபோது ஹாஜிரா கேட்டது:

"பெரியம்மா, அந்தப் பெரிய ஃபேனை யாரு நிறுத்துவாங்க?"

"யாராலயும் நிறுத்த முடியாது கண்ணு. உள்ள இருக்கிற சூடு கொறைஞ்சா அதுவே மெதுவாகும்."

"உள்ளதான் சூடே இல்லியே?"

"இருக்கு. நாமதான் சூடு."

ஹாஜிரா தன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டது. இரண்டு பாய் தள்ளிக் கண்ணபிரான் பேப்பரை மடித்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் எழுந்தார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க சார்? வெளிய சிவப்பு," என்றாள் பிலோமினா.

"வெளிய எங்க போறேன்? செருப்புக் கூடம் வரைக்கும்தான். இங்க கால் நனையறதே இல்ல, ஒரு மாதிரி போரடிக்குது."

"ஹார்ட் பேஷண்ட் நீங்க."

"அரைமணி நேரம் தாங்கும். முப்பத்தெட்டு வருஷம் வெயில்ல சைக்கிள் மிதிச்ச ஹார்ட்டு."

செருப்புக் கூடம் களத்துக்கும் தெருவுக்கும் நடுவே. அங்கே குளிரூட்டல் இல்லை. கதவிடுக்கில் கசிகிற குளிர்ச்சியால் வெயில் பாதியாகியிருக்கும். வியர்க்கும், ஆனால் ஆளை விழத்தட்டாது. கண்ணபிரான் செருப்புகளை ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டு உட்கார்ந்தார். திரையில் நூறு நூறாகவே இருந்தது. ஓர் அடுப்பு அணைந்தால் தொள்ளாயிரத்தில் என்ன தெரியும்?

அதற்கு மறுநாள் நாலு பேர். பிறகு பதினொரு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "கால் மரத்துப்போச்சு, சித்த நடந்துட்டு வரேன்" என்பார்கள். "பீடி குடிக்கணும்" என்பார்கள், பீடியே இல்லாமல். ஒருநாள் ஜெனிட்டா குழந்தையை மறுபக்கப் பாயிலிருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். தாயைக் கடந்து போகும்போது, "இப்ப நீ என்னைப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பது பேர் போனபோது திரையில் தொண்ணூற்றேழு வந்தது. பிலோமினா எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். வைகாசி பிறந்தபோது இருநூறுக்கு மேல் எழுந்தார்கள். முறை வைத்துக்கொண்டார்கள். எழுபது வயது தாண்டியவர்களையும் பிள்ளைகளையும் எழுந்து போக விடவில்லை. கூடத்தில் இடம் போதாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, யார் அதிகமாக வியர்க்கிறார்கள் என்று ஒருவரையொருவர் கேலி பண்ணினார்கள். அன்று திரையில் எழுபத்தாறு. பின்சுவர்க் காற்று தணிந்தது. மைமூன் சாக்கை எடுத்தாள். ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

பிலோமினா மண்டியிடவில்லை. மெஷின் ரூமில் அதற்கு இடமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

மூன்று நாள் கழித்து, இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், வேதகிரி கையில் ஒரு கோப்போடு வந்தார். செருப்புக் கூடத்தைத் தாண்டி வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா பிலோமினாம்மா, நம்ம ஜனங்களை? இதுக்குத்தான் எனக்கு மூணாவது களமும் வேணும்ங்கறேன். சுத்து ஊர்லேருந்தெல்லாம் வந்து நிக்கிறாங்க, மறுபடி அறுநூறு பேர் பட்டியல்ல. போன தடவ நடந்த தப்பு நடக்காது. ஸ்விட்சே கெடையாதே. அளக்கறது இன்னிக்கு ஆரம்பம். இருபத்தோரு நாள்."

"எத்தனை மணிக்குத் தலைவரே?"

"அதேதான். ரெண்டேகால். சட்டம் மாறலையே."

அவர் போய்விட்டார். இரண்டேகாலுக்கு விசிறிகள் தணிந்தே இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நல்ல மனிதர், மனைவியை நினைத்துக்கொண்டே நடக்கிறவர், அவருக்கு எப்படித் தோன்றும்? பிலோமினா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. திரையில் எழுபத்தைந்து.

பின்கதவைத் திறந்தாள். சாண் அகல ஜன்னலுக்குள் மைமூன் யாசீனின் தலையை மடியில் வைத்து, ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்கள் ஜன்னலைப் பார்த்தன. ஜன்னலுக்குக் கீழே வெள்ளைப் பெட்டி.

அவள் வேகமாக முன்பக்கம், செருப்புக் கூடத்துக்கு வந்தாள். சொல்லிவிடலாம். எழுந்திருங்கள், உள்ளே போங்கள், விசிறி முழு வேகத்தில் ஓடட்டும், பெட்டி உண்மையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிடலாம். இருபத்தோரு நாள் அந்த ஜன்னலை மூடிவைத்தால் மூன்றாவது களம் வராது. இருபத்தோரு நாள் அந்த ஜன்னல் மூடியிருந்தால் யாசீன் இருக்கமாட்டார். களம் வராவிட்டால் அறுநூறு பேர். வந்தால் தோல்கிடங்குத் தெரு.

இருநூறு பேர் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். முகமெல்லாம் வியர்வை. எல்லோரும் ஏதோ நல்லது செய்துவிட்ட வெட்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"என்னம்மா நிக்கறீங்க?" கண்ணபிரான் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "உக்காருங்க. ஒரு அடுப்பு கொறையட்டும்."

பிலோமினா உட்கார்ந்தாள். ஜெனிட்டா பக்கத்திலிருந்து தன் முந்தானையால் அம்மாவின் கழுத்தைத் துடைத்துவிட்டாள். பின்சுவரில் விசிறிகளின் சத்தம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், திறந்த ஜன்னலின் கீழே, பெட்டி ஒரே ஒருமுறை பச்சையாகச் சிமிட்டியது.